தாளம் துறந்த லயம்

விஜய் ஐயரும் வடாடா லியோ ஸ்மித்தும் இணைந்து அளித்திருக்கும் ‘டிஃபையன்ட் லைஃப்’: தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த தெல்லிப்பழைச் செவியில் அது எழுப்பிய முதல் எண்ணங்கள்

பியானோ வித்துவான் விஜய் ஐயரின் இசையில் ஊறிய ரஸிகர்கள், அவரிடமிருந்து புதிய இசைத்தட்டு ஒன்று வருகிறதென்று அறிந்த மாத்திரத்தில் எதை ஆவலோடு எதிர்பார்ப்பார்களோ, அதை இம்முறை அவர் வேண்டுமென்றே விலக்கி வைத்திருக்கிறார். ஐந்தும் ஏழும் பதினொன்றுமாகப் பின்னிச் செல்லும் கணக்குகளைக் கணக்கென்றே தோன்றாவண்ணம் ஓடவிட்டு, கேட்பவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கையைத் திடீரென அந்தரத்தில் நிறுத்திவிடும் அந்த லய வித்தை, 2025 மார்ச் 21 ஆம் திகதி ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘டிஃபையன்ட் லைஃப்’ தொகுப்பில் ஏறக்குறைய முற்றாகவே துறக்கப்பட்டிருக்கிறது. ட்ரம்ஸ் இல்லை, டபுள் பேஸ் இல்லை, எண்ணிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆவர்த்தனம்கூட இல்லை. ஒருவர் ட்ரம்பெட் ஊதுகிறார். மற்றவர் பியானோவையும், மணியின் நாதத்தை ஒத்த ஒலியுடைய ஃபெண்டர் ரோட்ஸ் என்னும் மின்பியானோவையும், வேறு சில மின்னொலிக் கருவிகளையும் மாறி மாறிக் கையாளுகிறார். ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைந்த அந்த இசையில் ஆறே உருப்படிகள். ஆயினும், கேட்டு முடித்த பின் மனத்தில் எஞ்சுவது லயத்தைப் பற்றிய வியப்புத்தான் என்பதும், அந்த வியப்பு யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் பயின்ற செவிக்கு முற்றிலும் புதியதன்று என்பதுமே இக்கட்டுரையில் சொல்ல வந்த செய்தி.

விஞ்ஞானி ஆகியிருக்க வேண்டியவர்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரில் பிறந்த விஜய் ஐயர், சிறு வயதில் முறைப்படி கற்றது வயலின். பியானோவோ அவர் செவிவழியாகத் தாமே பயின்றுகொண்ட வாத்தியம். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்து, கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிக ஆராய்ச்சிக்கென்று சென்றவர், அங்கே இசையின் வசப்பட்டு, 1998 இல் பெற்ற கலாநிதிப் பட்டத்தையே இசையை மனித உடல் எவ்வாறு உணர்கிறது என்ற ஆய்வுக்காகப் பெற்றார். லயம் என்பது ஏட்டில் எழுதும் கணக்காக நின்றுவிடாமல், நடக்கும் காலிலும் தட்டும் கையிலும் இழுத்துவிடும் மூச்சிலும் பிறக்கும் ஒன்று என்பதே அவ்வாய்வின் சாரம். சொல்லுக்கட்டை வாயாற் சொல்லிக் கையால் உணர்ந்த பின்னரே தவிலைத் தொடவிடும் எங்கள் வித்துவான்களுக்கு இந்த உண்மையை மேல்நாட்டுப் பல்கலைக்கழகம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. என்றாலும், அதை ஆராய்ச்சியாகவும் வாசிப்பாகவும் ஒருங்கே நிலைநாட்டிய பெருமை ஐயருக்கு உரியது.

2009 இல் வெளிவந்த ‘ஹிஸ்டோரிசிட்டி’ அவரை ஜாஸ் உலகின் முன்வரிசையில் இருத்தியது. 2011 இல் கிற்றார் வித்துவான் பிரசன்னாவோடும் தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவோடும் சேர்ந்து அவர் தந்த ‘தீர்த்தா’, கர்நாடக சங்கீதத்தையும் ஜாஸையும் மேலோட்டமாகக் கலக்கும் வழக்கமான கலவைகளினின்றும் மாறுபட்டு, இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் சபையாக அமைந்தது. 2013 இல் மக்காதர் நிதியத்தின் விருது. அடுத்த ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. பின்னர் லிண்டா மே ஹான் ஓ, டைஷோன் சோரி ஆகியோரோடு அமைத்த மூவர் குழுவின் ‘அன்ஈஸி’ 2021 இலும், ‘கம்பாஷன்’ 2024 இலும் வெளிவந்தன. அந்த இரண்டையும் கேட்டுக் கேட்டு அவற்றின் கோர்வைகளை விரலில் எண்ணப் பழகியிருந்தவர்களுக்குத்தான் புதிய தட்டின் முதல் நிமிஷங்கள் திகைப்பூட்டும்.

மிசிசிப்பியின் முதியவர்

திகைப்புக்குக் காரணமானவர் வடாடா லியோ ஸ்மித். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலமாகிய மிசிசிப்பியில், லீலண்ட் என்னும் சிற்றூரில் 1941 டிசம்பரில் பிறந்த இந்தக் கறுப்பின இசைமேதை, நிறவெறிச் சட்டங்கள் அமுலில் இருந்த நாட்டில் வளர்ந்து, சிக்காகோ நகரில் 1965 இல் தோன்றிய ஏ.ஏ.சி.எம். என்னும் கறுப்பினக் கலைஞர் சங்கத்தின் ஆரம்பகால அங்கத்தவர்களுள் ஒருவரானார். சுரங்களை வரிக்கோடுகளில் எழுதும் முறையை விட்டு, வர்ணங்களாலும் வடிவங்களாலும் வரையப்படும் ‘அங்ராஸ்மேஷன்’ என்ற தமக்கேயுரிய இசைமொழியைப் படைத்தவர் அவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிது சிறிதாக இயற்றி 2012 இல் நான்கு தட்டுகளாக வெளியிட்ட ‘டென் ஃப்ரீடம் சமர்ஸ்’, மறு ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச்சுற்று வரை சென்றது.

ஸ்மித்தின் ‘கோல்டன் குவார்ட்டெட்’ குழுவில் ஐயர் இளம் பியானோக்காரராகச் சில ஆண்டுகள் வாசித்திருக்கிறார். இருவர் மாத்திரம் சேர்ந்து 2016 இல் ‘எ கொஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்’ என்ற தட்டை, இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களை நினைவிற்கொண்டு வெளியிட்டார்கள். அதற்குப் பின் இதுவே அவர்களின் இரண்டாவது இருவர் தட்டு. 2024 ஜூலையில், எங்கள் ஊரவர் பலர் தஞ்சம் புகுந்து வேரூன்றியிருக்கும் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில், ஈ.சி.எம். நிறுவனர் மான்பிரெட் ஐக்கரின் மேற்பார்வையில் ஒலிப்பதிவாயிற்று. அப்போது ஸ்மித்துக்கு வயது 82, ஐயருக்கு 52. முப்பது வயது மூத்த குருவுக்கு எதிரில் அமர்ந்து வாசிக்கும் சிஷ்யனின் பணிவு தட்டு முழுவதும் தெரிகிறது. அந்தப் பணிவே இதன் பலம். சில இடங்களில் அதுவே பலவீனமும் ஆகிறது.

மேளச்சமா தந்த பயிற்சி

தாளமில்லாத இசையை எப்படிக் கேட்பது என்று மலைக்கும் வாசகருக்கு, மேல்நாட்டு விமரிசகர்களைத் தேடிப் போகாமல், எங்கள் கோயில் மேளச்சமாக்களை நினைவுகூரும்படி சொல்லுவேன். கச்சேரி மேடையில் பாடகர் ராக ஆலாபனை செய்யும்போது மிருதங்கக்காரர் சும்மா அமர்ந்திருப்பார். ஆலாபனைக்குத் தாளக்கட்டு இல்லையாதலால் அவருக்கு அங்கே வேலையில்லை. பெரிய மேளத்தின் சம்பிரதாயமோ வேறு. நாதஸ்வரம் ஒரு பிடியை விரித்து நிறுத்தி மூச்சு வாங்கும் இடைவெளியில் தவில் நுழையும். எந்த ஆவர்த்தனத்துக்கும் கட்டுப்படாமல், அதே சமயம் எள்ளளவும் ஒழுங்கு குலையாமல், சில சொற்களை உருட்டி, ராகத்தை மேலே போகத் தூண்டிவிட்டு, மறுபடியும் ஒதுங்கும். எப்போது புகுவது, எவ்வளவு சொல்வது, எங்கே வாயடைத்து நிற்பது என்பதற்கு எழுதிவைத்த விதி கிடையாது. எதிரில் நிற்பவரின் மூச்சைக் கேட்கத் தெரிந்தவருக்கே அது கைவரும்.

இந்தக் கலையின் சிகரத்தைத் தொட்டவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். இணுவிலில் 1933 இல் பிறந்து, தெல்லிப்பழைக்கு அயலிலுள்ள அளவெட்டியில் வாழ்ந்து, 1975 இல் அகால மரணமடைந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியின் பெயரைச் சொன்னால் இன்றும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தவில்காரர்கள் தலைவணங்குவார்கள். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதையும் பெற்றது. பழைய ஒலிப்பதிவுகளில் அவர் வாசிப்பைக் கேட்போர் முதலில் மயங்குவது அவருடைய வேகத்துக்கும் கணக்குக்கும். நுணுகிக் கேட்டால் அதைவிட அரிதாகத் தோன்றுவது, நாதஸ்வரத்துக்கு அவர் விட்டுக்கொடுக்கும் இடம். தாளத்தைத் துறந்த நிலையிலும் லயத்தைத் துறவாதிருக்கும் அந்த அறிவோடு ‘டிஃபையன்ட் லைஃப்’ தட்டை அணுகினால், ஸ்மித்தின் ட்ரம்பெட் நாதஸ்வரத்தின் ஸ்தானத்தையும், ஐயரின் பியானோ தவிலின் ஸ்தானத்தையும் ஏற்றிருப்பது விளங்கும். பரிசோதனை இசை என்று நகரங்களில் பெயரிட்டு வியக்கும் ஒன்றை, விடியற்காலம் வரை வீதியில் குந்தியிருந்து கேட்ட எங்கள் பாட்டன்மார் சர்வ சாதாரணமாக அனுபவித்திருக்கிறார்கள்.

ஆறு உருப்படிகள்

‘சர்வைவல்’ என்னும் முன்னுரையில் அடியாழத்திலிருந்து எழும் ஒலிப்பரப்பின் மேல் ட்ரம்பெட் நீண்ட சுரங்களைத் தனித்தனியே நிறுத்துகிறது. ஒவ்வொரு சுரத்தையும் ஊதியபின் அது தேய்ந்து மறையும் வரை ஸ்மித் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில்தான் உருப்படி நடக்கிறது. அடுத்து வருவது, தம் நிலத்தை விட்டு அகலாதிருக்கும் பாலஸ்தீனரின் உறுதியைப் பொருளாகக் கொண்ட ‘சுமூத்’. மின்னொலியின் கார்வை சுருதிப்பெட்டிபோல் நின்று ஒலிக்க, அதன்மேல் ட்ரம்பெட் சில வேளை முணுமுணுத்தும் சில வேளை பீறிட்டும் செல்கிறது. கோபம் வருகிறது, ஆனால் கோபத்தை உச்சஸ்தாயிக்கு ஏற்றிக் கைதட்டல் வாங்கும் சபலம் இருவருக்கும் இல்லை.

மூன்றாவதான ‘ஃப்ளோட்டிங் ரிவர் ரெக்வியம்’ ஸ்மித் இயற்றியது. கொங்கோ நாட்டின் முதற் பிரதமரும், 1961 ஜனவரியில் கடத்திச் செல்லப்பட்டுக் கொலையுண்டவருமான பத்ரீஸ் லுமும்பாவுக்கு அஞ்சலி. கொலைசெய்தோர் அவர் உடலை அமிலத்தில் கரைத்துவிட்டார்கள். எஞ்சிய ஒரேயொரு பல்லைப் பெல்ஜிய அரசாங்கம் 2022 ஜூனில்தான் குடும்பத்தாரிடம் கையளித்தது. பியானோவின் சுரக்கூட்டுகள் கிறிஸ்தவ ஆலயக் கீதத்தின் கம்பீரத்தோடு அடியெடுத்து வைக்க, அவற்றின்மேல் ட்ரம்பெட் அழாமல் பேசுகிறது. புதைக்க உடலில்லாத மரணத்துக்கு எந்தச் சடங்கைச் செய்வது என்ற கேள்வி, முப்பத்தோராம் நாளில் கீரிமலைக்குச் சென்று அந்தியேட்டிக் கிரியை செய்யும் வழக்கமுடைய எங்கள் ஊர்களில் உறவினர் காணாமற்போன எத்தனையோ குடும்பங்களை வாட்டியிருக்கிறது. இறந்தார் என்று முடிவுகட்டிக் கிரியை செய்யவும் மனமில்லை; செய்யாதிருக்கவும் மனமில்லை. அந்த இரண்டுங்கெட்ட நிலைக்குச் சாஸ்திரத்தில் விடையில்லாதிருக்கலாம்; இந்த உருப்படி அதற்கு ஓர் இடம் கொடுக்கிறது.

நான்காவது ‘எலிஜி: த பில்கிரிமேஜ்’. ஐந்தாவது ‘கைட்’, தட்டின் ஜீவநாடி என்று நான் கருதுவது இதுவே. காஸாவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவரும், 2023 டிசம்பரில் இஸ்ரேலிய விமானத் தாக்குதலில் உயிரிழந்தவருமான கவிஞர் றிஃபாத் அல்அரீருக்கு ஐயர் சமர்ப்பித்தது. உலகின் பல மொழிகளுக்குச் சென்ற அவருடைய கவிதையொன்றில் ஒரு பட்டம் பறக்கிறது; அந்தப் பட்டமே தலைப்பாயிற்று. ரோட்ஸின் மணிநாதம் மெல்ல அசைய, ட்ரம்பெட் ஏறத்தாழ ஒரு தாலாட்டின் எளிமையோடு இசைக்கிறது. தையிலும் மார்கழியிலும் வாடைக்காற்றில் எட்டுமூலையும் கொக்கும் பிராந்துமாகப் பட்டம் ஏற்றி, வில்லாக வளைத்த சலாகையில் நாரை இழுத்துக் கட்டிய ‘விண்’ணைப் பூட்டி, இரவெல்லாம் வானத்தில் அது கூவக் கேட்டுக்கொண்டு உறங்கும் எங்கள் குடாநாட்டாருக்கு, பட்டம் பார்க்கும் பொருள் மட்டுமன்று, கேட்கும் வாத்தியமுங்கூட. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழாவுக்குத் திரளும் ஜனங்களிடம் இந்த உருப்படியை ஒலிபெருக்கியில் வைத்தால், ‘இது ஜாஸா, வேறு ஏதாவதா?’ என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இறுதியாக வருவது ‘ப்ரொஸெஷன்: டிஃபையன்ட் லைஃப்’. ஊர்வலமென்று பெயரிட்டிருந்தும் இதில் அணிவகுப்பின் மிடுக்கு இல்லை. முதியவர் ஒருவர் தம் நடைக்கு நடக்க, பின்னால் வருபவர் அவரை முந்தாமல் வருவதை ஒத்திருக்கிறது இதன் போக்கு. முந்திய ஓராண்டின் கொடுமைகள் தந்த துயரமும் சீற்றமும் தங்களை இந்த ஒலிப்பதிவுக்கு இட்டுவந்தன என்றும், மனிதன் மேலுள்ள நம்பிக்கையும் கூடவே வந்தது என்றும் இருவரும் தெரிவித்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்கேயென்று தேடுவோர் இந்தக் கடைசி உருப்படியைக் கேட்பார்களாக.

குறையென்று தோன்றுவன

அபிமானம் கண்ணை மறைத்துவிடலாகாது. நான்காவது உருப்படியில் மின்னொலி மூட்டமாகப் பரந்து நீளுகையில், இரு கலைஞரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, அல்லது கருவி தானே ஒலித்துக்கொண்டிருக்க இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்ற ஐயம் எழுகிறது. முன்னே சொன்ன குரு பக்தியும் ஓரிடத்தில் எல்லை கடக்கிறது: ஸ்மித் மௌனமாகும் இடங்களில் ஐயர் துணிந்து புகுந்து ஒரு தனி வாசித்திருந்தால், தட்டு இன்னும் சமநிலை பெற்றிருக்கும். தெட்சணாமூர்த்தி விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர் என்றேன். தமக்குரிய தனி வந்தபோது அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அடக்கத்திலும் ஓர் அளவு வேண்டும் என்பது லய சாஸ்திரத்துக்கும் பொருந்தும்.

இந்த மண்ணில் கேட்டல்

தெல்லிப்பழைக்கு அமெரிக்க இசை இன்று நேற்று வந்ததன்று. மசசூசெற்ஸ் மாநிலத்தவரான டானியேல் பூவர் பாதிரியார் 1816 இல் இங்கு வந்து அமெரிக்க மிஷனின் நிலையத்தைத் தாபித்தபோது, பள்ளிக்கூடத்தோடு நாற்குரல் ஞானகீதமும் கூடவே வந்திறங்கியது. அந்த மரபின் வழியில் வந்ததுதான் இன்றைய யூனியன் கல்லூரி. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1910 இல், பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனக் கல்லூரியை நிறுவி, நாடகத்தையும் பாட்டையும் தமிழ்ப் பிள்ளைகளின் கல்வியில் சேர்த்தார். இப்போது அதே மசசூசெற்ஸில் பேராசிரியராயிருக்கும் தமிழர் ஒருவரின் விரல்களிலிருந்து ஆலயக் கீதத்தின் சுரக்கூட்டு, மிசிசிப்பியின் சோகத்தோடு சேர்ந்து இங்கே திரும்பி வருகிறது. வித்தைகள் ஒரு திசையில் மட்டும் பிரயாணம் செய்வதில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு, தெல்லிப்பழையை உள்ளடக்கிய வலிகாமம் வடக்கின் ஜனங்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற ஊர்களில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. காங்கேசன்துறைக்கு ஓடிய புகையிரதம் நின்று, கால் நூற்றாண்டு சென்று 2015 ஜனவரியில்தான் மீண்டும் தெல்லிப்பழை நிலையத்தைக் கடந்து கடற்கரை வரை ஓடியது. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர்கள் கண்டது, எல்லைக்கல் தெரியாத பற்றைக்காடும், கூரையிழந்த சுவரும், தூர்ந்த கிணறும். அவர்கள் வீரவசனம் எதுவும் பேசவில்லை. பற்றையை வெட்டினார்கள், கிணற்றை இறைத்தார்கள், கோயிலில் விளக்கேற்றினார்கள், மேளகாரரைக் கூப்பிட்டார்கள். எதிர்ப்பு என்றவுடன் உரத்த குரலையும் உயர்த்திய முஷ்டியையுமே நினைத்துப் பழகிய உலகுக்கு, வாழ்ந்துகொண்டிருப்பதே ஓர் எதிர்ப்புத்தான் என்பதை நிதானமான இந்த இசை எடுத்துச் சொல்லுகிறது. ஸ்மித் ஒரு சுரத்தை ஊதிவிட்டு, அது முற்றாக மறைந்தபின்னும் பதறாமல், அடுத்ததைத் தாம் விரும்பிய வேளையில் தொடங்குகிறாரே, அந்த வேளையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். தாளத்தை விட்டதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது: பிறர் வகுத்த காலக்கணக்கில் நெடுங்காலம் வாழ நேர்ந்தவர்கள், தங்கள் காலத்தைத் தாங்களே அளந்துகொள்ளும் உரிமையை இசையில் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள்.

இசைத்தட்டைத் தேடிக் கேட்க விரும்புவோர், தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லை. ‘கைட்’டை முதலில் கேளுங்கள், பிறகு லுமும்பாவின் அஞ்சலி, அதன்பின் ‘சுமூத்’. மற்றவை தாமாகவே வழிவிடும். எங்கள் இளம் தவில் வித்துவான்களும் நாதஸ்வரக்காரர்களும் இதைக் கேட்கவேண்டுமென்பது என் தனிப்பட்ட ஆசை. சினிமாப் பாட்டுக்கு வாசிக்கும்படி திருவிழாதோறும் சீட்டு அனுப்பும் சபையோர் நடுவில், ஆலாபனைக்கும் இடை உருட்டுக்கும் செலவிடும் நேரம் வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தை வீணென்று எண்ணத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர், உலகின் முதன்மையான இரண்டு கலைஞர்கள் ஒரு முழுத் தட்டையும் அதற்கே அர்ப்பணித்திருப்பதை அறிந்தால், அடுத்த திருவிழாவில் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தோடியை இன்னும் அரை மணி நேரம் விரிப்பார்.